பேர்வெட்டியும் பூவரச மரமும்

பேர்வெட்டி என்றொரு மனித இனம் உண்டு. காடு மலையெல்லாம் ஏறித் தேட வேண்டாம். மயிலாப்பூரில் தெருவுக்கு ஒருவர் நிச்சயம். எவர்சில்வர் டம்ளர் வாங்கினால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? வீட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பி குடிப்போம். பேர்வெட்டி அப்படியில்லை. பாத்திரக் கடை வாசலில் உளியோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய், டம்ளரில், டவராவில், கரண்டிக் காம்பில், சாம்பார் வாளியின் மூடியில், கொஞ்சம் இடம் இருந்தால் மிளகாய்ப்பொடி டப்பாவிலும் தன் பெயரை வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எழுத்து ஆழமாக விழவில்லை என்று சண்டை போட்டு, ஆழப்படுத்தி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். டம்ளர் ஓட்டையானால் என்ன? பெயர் நிற்க வேண்டும்.

லஸ் பக்கத்துச் சந்தொன்றில் குடியிருந்த தாவரவியல் பேராசிரியர் கருணாகரன் இந்த இனத்தில் முதல் தரம். அவர் குடையில் வெள்ளைப் பெயிண்டில் பெயர். நாற்காலியின் முதுகில் பெயர். மனைவி ரத்னா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்கில் மாமனார் பெயரை அரம் போட்டுத் தேய்த்துவிட்டுத் தன் பெயரை வெட்டியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். ஆனாலும் மனுஷருக்கு ஒரு குறை. குடை கிழியும், நாற்காலி உடையும், பாத்திரம் நசுங்கிப் பழைய சாமானுக்குப் போகும். காலத்துக்கும் அழியாத எதிலாவது பெயர் ஏற வேண்டுமே?

அந்தக் குறை தீரும் நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் வந்தது. அவர் வீட்டு வாசலில் ஒரு பூவரச மரம். அதன் நிழலில்தான் முத்தம்மா இட்லிக் கடை போட்டிருந்தாள். மரத்தின் அடியில் பட்டை வெடித்து, உள்ளே குழிந்து, பிசின் வடிந்து, மேலே கிளைகள் ஒவ்வொன்றாகக் காய ஆரம்பித்தன. புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் கருணாகரன். பூஞ்சக்காளான். மழைக்கு முளைத்துக் குடை பிடித்து நிற்குமே, அது இல்லை. கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி, மரத்துக்கு எமன். கல்லூரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் புரட்டினார், வெளிநாட்டுக்கெல்லாம் எழுதிக் கேட்டார். இப்படி ஒரு வித்து கொண்ட காளானை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. புத்தம் புதிய இனம். பெயர் வைக்க வேண்டும்!

அன்றிலிருந்து மரத்தை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. காலையும் மாலையும் பூதக்கண்ணாடியோடு பட்டையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார். மருந்து எதையாவது தடவக் கூடாதா, நிழல் போனால் நான் எங்கே போவேன் என்று முத்தம்மா கெஞ்சிப் பார்த்தாள். பெயர் வைக்கும்வரை காளானுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்றார் அவர்.

"நல்லாக்கீது சார் ஞாயம். நோவு வந்தா மருந்து வெப்பாங்க. நீ இன்னா, பேரு வெக்கிறேன்னு சொல்லிக்கினு கீறே?" என்றாள் முத்தம்மா. அவர் காதில் அது ஏறவேயில்லை.

ஏனென்றால் அவருக்கு அதைவிடப் பெரிய கவலை. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் துறையில் மரியாதைக் குறைவு. வேறொருவர்தான் வைக்க வேண்டும். தி.நகரில் இருந்த சங்கரனைப் பிடித்தார். அவரும் காளான் பேராசிரியர்தான். கல்யாண மொய் மாதிரி ஓர் ஏற்பாடு: இன்றைக்கு நீங்கள் என் பெயரை வையுங்கள், அடுத்த காளானுக்கு நான் உங்கள் பெயரை வைக்கிறேன். புது இனத்தை லத்தீனில்தான் வர்ணிக்க வேண்டும் என்பது விதி; சங்கரன் சாந்தோம் பக்கம் ஒரு பாதிரியாரிடம் அதைக்கூட எழுதி வாங்கிவிட்டார். மரத்தை நேரில் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவருக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கல். பூதக்கண்ணாடி வேண்டாமென்று, ரத்னா கொடுத்த காப்பியோடு எதிர்ச் சாரிக்குப் போய் நின்றுகொண்டார். மரத்தைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். "சார், இங்கே கொஞ்சம் வந்து நின்னு பாருங்க" என்றார்.

கருணாகரன் போய்ப் பார்த்தார். இத்தனை மாதமாகப் பூதக்கண்ணாடிக்குள் அகப்படாதது அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தது. புண் தாறுமாறாகப் பரவவில்லை. வரி பிடித்துப் பரவியிருந்தது. க, ரு, ணா. மரம் பருக்கப் பருக்க எழுத்தும் பருத்து, கடைசி 'ன்' அடிமரத்தின் ஓரத்துக்கே போய்விட்டது. குடிவந்த புதிதில் வாங்கிய பேனாக்கத்தியைச் சோதித்துப் பார்த்த இடம். அத்தனை இடத்தில் வெட்டியவருக்கு இந்த ஓர் இடம் எப்படி ஞாபகம் இருக்கும்?

வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு ரத்னா சொன்னாள்: "பக்கத்துல என் பேரையும் வெட்டியிருக்கலாம். இடம் இருந்துதே."

சங்கரன் இதமாகத்தான் பேசினார். "வெட்டின காயம் வழியாத்தான் காளான் உள்ளே போயிருக்கு. உங்க பேரை வெச்சா, ஏன் அந்தப் பேருன்னு காட்ட அடிமரத்தைப் படம் எடுத்து, காயம் யாரால வந்ததுன்னும் எழுதியாகணும். மரத்தோட பேரையே வெச்சுட்டா, கிளையைப் படம் எடுத்துப் போட்டுடலாம். விஷயம் நம்மோட போயிடும்."

கருணாகரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவமானம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். முத்தம்மாவை ஒரு தரம் பார்த்தார். காய்ந்த கிளையைப் பார்த்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்:

"படத்துல எல்லா எழுத்தும் விழுமா?"

விழுந்தது. காளானுக்கு, லத்தீன் வால் ஒட்டி, 'கருணாகரனி' என்றே பெயர் வந்தது. பூவரசு பட்டுப்போனது. கருணாகரனி கண்ட மரங்களை வேரோடு வெட்டி எரித்துவிடும்படி ரேடியோவில் சொன்ன அன்றைக்கு, அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கச் செய்தார் மனுஷர். வெயிலில் இட்லி விற்றுக்கொண்டிருந்த முத்தம்மாவுக்கு மனசு இரங்கித் தன் குடையைக் கொடுத்தார். அவள் தலைக்கு மேலேயும் அவர் பெயர்தான்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தப் புத்தகம் கைக்கு வந்ததும், ஒரு வரிகூடப் படிப்பதற்கு முன்னால், அவசரமாகப் பேனாவைத் தேடினீர்களே, எதற்கு?