இழவு வீட்டில் ஓடிய ராஜா கதை

யாருக்கும் எதையும் பரிந்துரைக்காமல் இருப்பவன் நிம்மதியாகச் சாவான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நல்ல வரலாற்று வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டால், அதை நாலு பேர் தலையில் கட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. அதற்கென்றே சேலம், நாமக்கல்காரர்கள் சிலர் வாட்ஸப்பில் ஒரு வரலாற்றுக் குழு வைத்திருந்தோம். நான் அனுப்பும் புத்தகம், பாட்காஸ்ட் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் வரும். (திறந்து பார்க்காமலே போடும் கட்டைவிரல். நானும் மற்றவர்களுக்கு அதைத்தான் போட்டேன்.)

உண்மையிலேயே கேட்டவர் ஒருவர்தான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த தங்கவேல் அண்ணன். "சாமி, நீங்க அனுப்புன பல்லவர் கதைய எங் கோழிகளும் கேட்டுருச்சுங்க" என்பார். பண்ணையில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் அலறவிடுவார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய், என் போனையும் அதில் இணைத்து இருவருமாகக் கேட்போம்.

திடீரென ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அதே ஸ்பீக்கர் இருந்தது. அவர் மகனின் போனிலிருந்து சிவன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு தம்பி செல்வராஜ் விசும்பிக்கொண்டிருந்தார். நிலத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. உறவினர் பலரும் அவரை ஓரக்கண்ணால்தான் பார்த்தார்கள்.

பந்தலில் என் பக்கத்தில் திருச்செங்கோட்டுக் குமரேசன் உட்கார்ந்திருந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர், எங்கள் குழுக்காரர்.

"அண்ணனுக்குக் கடைசியா என்னத்தைங்க அனுப்புனீங்க?" என்றார் மெதுவாக.

"ஒரு பாட்காஸ்ட்டுங்க. அரியணைச் சண்டை. கேட்டாரான்னு தெரியல."

"நல்லாருக்குமுங்களா?"

என்னிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது. துக்கம், இடம், பொருள், ஏவல் எல்லாம் மறந்துபோயின. "அந்தக் குரல மட்டும் கேளுங்க" என்று போனை எடுத்தேன். (சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். என் நாகரிகம் அவ்வளவு.)

அதே நேரம் மகனுக்கு ஏதோ அழைப்பு வர, அவன் போனோடு தெருப்பக்கம் போய்விட்டான். சிவன் பாட்டு அறுந்தது. ஸ்பீக்கர் என் போனைப் பிடித்துக்கொண்டது.

"வணக்கம் மக்களே! அண்ணன் கண்ண மூடிட்டான்! தம்பி அழுவான்னு நெனச்சீங்களா? கஜானா சாவியத் தேடுறான்!"

பதறிப்போய் எதையோ அமுக்கினேன். சத்தம் கூடியது.

"சாவி எங்க இருந்துச்சு? செத்தவன் தலகாணிக்கு அடியில!"

பெட்டிக்குள் அண்ணனின் தலைக்கு வைத்திருந்த தலையணையை நாலைந்து பேர் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"எந்த நாசமாப் போனவன்டா அவன்?" என்று அண்ணனின் அக்கா எழுந்தார். குமரேசன் தன் நாற்காலியை என்னைவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒருவழியாகப் போனை அணைத்து நிமிர்ந்தேன். செல்வராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தலைகுனிந்து வாசலைத் தாண்டிப் போனார்.

நான் சுடுகாட்டுக்குப் போகவில்லை. கொல்லைப்பக்கமாக நழுவி பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டும்போதுதான் அழுகை வந்தது. அண்ணனுக்காகவா, மானம் போனதற்காகவா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அன்றே குழுவிலிருந்து விலகினேன்.

சில மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு.

"செல்வராஜ் பேசறனுங்க. தங்கவேல் தம்பி."

திட்டப் போகிறார் என்று சோற்றில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க, அன்னைக்கு ஓடுச்சே ஒரு கதை, அந்தத் தம்பிக்காரன் கடைசியா என்னாங்க ஆனான்?"

எனக்குத் தெரியும். பெற்ற மகனே அவனை இருட்டறையில் அடைத்துப் போட்டான். பார்க்க ஆளில்லாமல் செத்தான்.

"நல்லாத்தானுங்க இருந்தான்" என்றேன்.

"எங்கண்ணன் இருந்திருந்தா அவனே கேட்டுச் சொல்லியிருப்பானுங்க. சரிங்க, வெக்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பக்கத்திலிருந்த மனைவியும் மகளும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள்; அவன் உண்மையில் என்ன ஆனான் என்பதையும் என்னிடம் கறந்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் தீய்ந்த குழம்புக்கும், கணக்குப் பரீட்சைக்கும், ஓடாத மோட்டாருக்கும் ஒரே பதில்தான்: "நல்லாத்தானுங்க இருந்தான்." சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன வாரம் நெஞ்சு வலிக்கிறதென்று போய் ஈசிஜி எடுத்துவிட்டு வந்தேன். "டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

என் வாயிலிருந்தும் அதுதான் வந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.