கிணற்றில் மிதந்த ஜாடி

ஜாடி மிதந்தது. நான் கிணற்றுக்குள் மார்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். மேலே, கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டு தலைகள். ஒன்று என் பெண்டாட்டி ஆண்டாள். இன்னொன்று பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்கா. அவர் சிரிப்பதற்கென்றே வந்தவர்.

"அமுக்கிப் பாரு மாமா," என்றாள் ஆண்டாள்.

கழுத்து வரை அமுக்கினேன். கையை எடுத்ததும் துள்ளி வந்து என் தாடையில் இடித்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். இரண்டு பேருக்கும் வயது பத்தொன்பது. நாளை ஆடி பிறக்கிறது. புதுப்பெண் ஆடி முழுக்கத் தாய்வீட்டில் இருக்க வேண்டும். அவளைக் கருவேப்பிலங்குறிச்சிக்கு அழைத்துப் போக அவள் அண்ணன் மாயவன் வாசலில் வண்டியோடு நிற்கிறான். எனக்கு அனுப்ப மனசில்லை. பத்தாவது பெயிலு என்பதைக்கூட ஊரெல்லாம் கூசாமல் சொல்வேன். இதைச் சொல்ல வரவில்லை. அதனால் பந்தயம் கட்டினேன்.

"இந்த ஊறுகா ஜாடி காலியாவே பன்னெண்டு கிலோ. தண்ணியில முழுகுனா நீ போவக் கூடாது. மெதந்தா போ."

எனக்குச் சந்தேகமே இல்லை. பீங்கான் ஆலையில் வேலை. கழித்துப் போட்டதைக் குட்டையில் கொட்டுவதே நான்தான். கையளவு பீங்கான் ஃபியூஸ் கட்டைகூட ஒரு நொடி மிதந்ததில்லை. கிணற்றுக்குள் நின்று அதையே மேலே பார்த்துக் கத்தினேன்.

"அதெல்லாம் ஒடைஞ்சது. முழு ஜாடி ஒண்ணாவது போட்டிருக்கியா?" என்று மேலிருந்து கேட்டாள்.

"முழுசை எவன் போடுவான்? அது கடைக்குல்ல போவும்!"

"அதான். வெள்ளாத்துல வெள்ளம் வந்தப்ப எங்கம்மா என்னை அண்டாவுல வச்சுத்தான் தள்ளிக்கிட்டு வந்துச்சு. ஃபியூஸு ஒரு மொடக்குத் தண்ணியத்தான் ஒதுக்கும். அது கனத்துக்கு அது பத்தாது. ஜாடி வயிறு ஒரு கொடம் தண்ணிய ஒதுக்குது. அந்தத் தண்ணி தாங்குது."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பந்தயம் கட்டியிருப்பியா?"

ஆதிலட்சுமி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கயிறு வந்தது. ஜாடியைக் கட்டினேன். தண்ணீரில் ஒரு விரலால் தள்ளிய ஜாடி, மேலே கிளம்பியதும் மறுபடி பன்னிரண்டு கிலோ ஆனது. இரண்டு பேரும் மூச்சு வாங்க இழுத்தார்கள். அதுவும் அவளோடு போகிறதாம், என் மாமியாருக்கு.

அக்கா ஜாடியை வண்டிக்குத் தூக்கிப் போனார். ஆண்டாள் மட்டும் நின்றாள். இப்போது சிரிக்கவில்லை.

"மாமா. பந்தயம் கெடக்கட்டும். போவாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அண்ணனைத் திருப்பி அனுப்பிடறேன்."

தொண்டை வரை வந்தது. ஜாடியை அமுக்க முடியாதவன் இதை அமுக்கிவிட்டேன்.

போகாதே என்று சொல்லச் சொன்னாள். நான், "கயித்தைப் போடு, மேல வரணும்," என்றேன்.