ஐந்து தீப்பெட்டிகளும் ஒரு தீர்மானமும்

மாதர் சங்கத் தலைவி ஐந்தாவது தீப்பெட்டியைக் கேட்டபோதுதான் கடைக்காரருக்குச் சந்தேகம் தட்டியது.

"காலைலேர்ந்து அஞ்சாவது தீப்பெட்டிம்மா. வீட்டுல அப்படி என்னதான் பண்றீங்க?"

"அடுப்பு பத்த வைக்கிறேன்" என்றார் தலைவி. முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர். கேள்வி கேட்டுத்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கமில்லை. தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், வரிசையின் கடைசியில் போய் மறுபடியும் நின்றார்.

வரிசையின் நடுவில் நின்றிருந்த சங்கச் செயலாளர், கடைக்காரரின் பார்வை தன்மேல் படாதபடி தலையைத் திருப்பிக்கொண்டார். இந்த ஏற்பாடு முழுக்க அவருடையது. மாட்டிக்கொண்டால் மானம் போவதும் அவருடையதுதான்.

விஷயம் இதுதான். அந்தத் தெருவின் மாதர் சங்கத்துக்கு நூலகத்தின் மாடியில் ஓர் அறை உண்டு. ஆறு தையல் மெஷின், ஒரு நீள மேஜை, கால் ஆடும் பத்து நாற்காலிகள். நகராட்சி கொடுத்த அறை. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: மாதம் ஒரு முறையாவது ஏழு உறுப்பினர்கள் நேரில் கூடித் தீர்மானம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் கூட்டம் நடக்காவிட்டால் அறை பறிபோகும். கிருமி வந்து ஊரை அடைத்துப் போட்டதில் இரண்டு மாதம் போய்விட்டது. மூன்றாவது மாதம் முடிய மூன்றே நாள் பாக்கி.

செயலாளர் நகராட்சிக்குப் போன் போட்டுப் பார்த்தார். நேரில் கூடியே ஆக வேண்டுமா என்று கேட்டார். விதி அப்படித்தான் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று நீங்கள்தானே உத்தரவு போட்டிருக்கிறீர்கள் என்றார் செயலாளர். அது பக்கத்து செக்‌ஷன் என்றார் குமாஸ்தா.

வழி காட்டியது செயலாளரின் கணவர். "இப்போ ஊர்ல ஏழு பேர் சேந்து நிக்கற இடம்னா அது மளிகைக் கடை வரிசைதான்" என்று, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். செயலாளர் இதை மனதுக்குள் ஒப்புக்கொண்டார், அவரிடம் சொல்லவில்லை.

அப்படித்தான் திங்கட்கிழமை காலை, மளிகைக் கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களில், ஆறடிக்கு ஒருவராகச் சங்கம் கூடியது. பதினோரு உறுப்பினர்களில் நாலு பேர் வெளியூரில் அகப்பட்டுக்கொண்டு விட்டார்கள். மிச்சம் ஏழு. ஒருவர் குறைந்தாலும் போச்சு.

முதல் சிக்கல் முதல் ஐந்து நிமிஷத்திலேயே வந்தது. வரிசை என்றால் நகரும். முன்னால் போனவர் பொருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். போனால் ஏழு ஆறாகிவிடும். அதனால், முன்னால் போகிறவர் ஏதாவது ஒரு சின்னப் பொருளை வாங்கிக்கொண்டு திரும்ப வந்து கடைசியில் நிற்பது என்று செயலாளர் ஏற்பாடு செய்தார். தலைவி தீப்பெட்டி வாங்கினார். தையல்கார அக்கா நூல்கண்டு வாங்கினார். சங்கத்தில் இரண்டு ஓரகத்திகள் உண்டு. நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மூத்தவள் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கினாள். அதைப் பார்த்துவிட்டு இளையவள் இரண்டு வாங்கினாள்.

சங்கம் இப்படிச் சுற்றிச் சுற்றி வர, நடுநடுவே வெளியாட்களும் புகுந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் பயத்தில் ஒவ்வொரு வேஷம். ஒருவர் தலையில் பாலித்தீன் பை. ஒருவர் கண்ணில் நீச்சல் கண்ணாடி. இன்னொருவர் நல்ல வெயிலில் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹெல்மெட்டின் பின்பக்கம் பச்சைக்கிளி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

கிருமிக்கு அடுத்தபடியாக அந்தத் தெரு பயந்தது விசிலுக்கு. நாலு மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்த போலீஸ்காரம்மாவின் பட்டப்பெயர் அது. உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்கிற அளவுக்கு யாரும் பக்கத்தில் நின்றதில்லை. அவர் தெருமுனையில் ஓர் ஊது ஊதினால் போதும், அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குள் இருப்பார்கள். அவசரத்தில் சிலர் அடுத்தவர் வீட்டுக்குள்ளும் இருப்பார்கள்.

"விசில் வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க" என்று ஓரகத்தி ஒருத்தி முணுமுணுத்தாள்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தது தையல்கார அக்கா. தெருவில் தனியாக இருப்பவர்களைப் பட்டியல் எடுத்து, சங்கத்தார் முறை வைத்துக்கொண்டு தினமும் அவர்களோடு போனில் பேச வேண்டும். அவர் எதிர்வீட்டில் ஒரு பெண்மணி தனியாக இருந்தார். பேச ஆளில்லாமல் ஒரு வாரமாகச் சுவர்க்கடிகாரத்தோடு சண்டை போடுகிறாராம். கடிகாரம் எதிர்த்துப் பேசாததுதான் அவருக்குப் பெரிய மனக்குறை என்று அக்கா சொன்னார்.

"நாம பாட்டுக்குப் பேசிடலாமேக்கா, எதுக்குத் தீர்மானம்?" என்று முந்தின நாளே செயலாளரிடம் போனில் கேட்டும் பார்த்தார்.

"தீர்மானம் இல்லாம பேசினா அது அரட்டை" என்றுவிட்டார் செயலாளர். நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் இருபத்திரண்டு விதிகளையும் தன் கையாலேயே அடித்தவர். சொந்தப் பிள்ளைகளைவிட அவற்றின்மேல் பாசம் அதிகம்.

முகக்கவசத்துக்குள்ளிருந்து யார் பேசினாலும் அடுத்த வட்டத்துக்குக் கேட்கவில்லை. தலைவி பேசினால் மட்டும் அடுத்த தெருவுக்கும் கேட்டது. தலைவி தீர்மானத்தை வாசித்து, ஆதரிப்பவர்கள் சத்தம் போடாமல் கையைத் தூக்கலாம் என்றார்.

ஆறு கை ஆதரவு, ஒரு கை எதிர்ப்பு என்று வந்திருக்க வேண்டும். மூத்த ஓரகத்தி ஆதரித்ததால் இளையவள் எதிர்ப்பாள். அது எழுதாத விதி. ஆனால் செயலாளர் எண்ணியபோது ஏழு கை ஆதரவாக நின்றது. மறுபடி எண்ணினார். ஏழுதான். அதில் ஒன்று மழைக்கோட்டிலிருந்து நீண்டிருந்தது.

"நீங்க எதுக்குங்க கை தூக்கறீங்க? நீங்க மெம்பர் இல்லையே" என்றார் செயலாளர்.

ஹெல்மெட் தூக்கிய கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டது.

விதி பதினான்கு: உறுப்பினர் அல்லாதவர் வாக்களித்த கூட்டம் செல்லாது. அந்த ஒரு கையை விட்டுவிட்டு எழுதிக்கொள்ளேன் என்று தலைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பொய்யைக்கூட டைப் அடித்ததில்லை என்று செயலாளர் மறுத்துவிட்டார். திங்கட்கிழமைக் கூட்டம் அதோடு முடிந்தது. ஆறுதலான ஒரே விஷயம், விசில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் செயலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. கை எல்லாருக்கும் இருக்கிறது. சங்கம் தைத்த மஞ்சள் பை உறுப்பினர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நாளை கைக்குப் பதிலாகப் பையைத் தூக்குங்கள் என்று ஆறு பேருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தலைவி தீர்மானத்தை வாசித்து முடித்ததும் முதல் மஞ்சள் பை உயர்ந்தது. இரண்டாவது பை உயர்ந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "என்னமோ இலவசமாத் தர்றாங்க போல" என்றது.

அவ்வளவுதான். நீலப் பை, கட்டம் போட்ட பை, சாக்குப் பை என்று இருந்த பையெல்லாம் மேலே போயிற்று. பை இல்லாதவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். பாலித்தீன் பை ஆசாமி தலையிலிருந்ததைக் கழற்றித் தூக்கினார். பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செயலாளர் மஞ்சளை மட்டும் எண்ணப் பார்த்தார். எண்ணுவதற்குள் வரிசை குலைந்து வட்டமெல்லாம் காலடியில் மறைந்துபோயிற்று. கடைக்காரர் பயந்துபோய் ஷட்டரை இறக்கினார். அத்தனை களேபரத்திலும் ஹெல்மெட் மட்டும் தன் வட்டத்தை விட்டு நகரவில்லை. பை இல்லாததால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

அன்றும் விசில் வரவில்லை. அதிர்ஷ்டம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். செயலாளர் வீட்டுக்கு வந்து, தீர்மானப் புத்தகத்தின் வெறும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையில்தான் ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது. அது போய்விட்டால் இந்த ஏழு பேரும் ஏழு வீடாகச் சிதறிவிடுவார்கள்.

"நாளைக்கு புதன். கடை லீவு" என்றார் கணவர், ஆறுதல் சொல்கிற நினைப்பில்.

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடை லீவு என்றால் வெளியாட்கள் வர மாட்டார்கள். பைக்கும் வேலையில்லை, தீப்பெட்டிக்கும் வேலையில்லை.

"மூடின கடை முன்னாடி நின்னா அதுக்குப் பேர் வரிசை இல்லம்மா, கூட்டம்" என்று கணவர் சொன்னது அவர் காதில் விழவில்லை.

புதன்கிழமை, மாதத்தின் கடைசி நாள். தெருவில் ஈ காக்கை இல்லை. இறக்கிய ஷட்டருக்கு முன்னால் சங்கம் வட்டத்துக்கு ஒருவராக நின்றது. செயலாளர் எண்ணினார். ஆறு. ஏழாவது வட்டம் காலியாக இருந்தது.

இளைய ஓரகத்தியைக் காணவில்லை. அவளுக்குக் காய்ச்சல், பயப்படும்படி இல்லை, ஆனால் வெளியே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதைச் சொன்னது மூத்த ஓரகத்தி. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் தலைவி.

"காலைலேர்ந்து மணிக்கு ஒரு தடவை போன் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவ இல்லாம நான் எதை ஆதரிக்கறது, எதை எதிர்க்கறதுன்னே புரியல."

"தீர்மானம் இல்லாமலேயா போன் பண்ணினே?" என்றார் தையல்கார அக்கா, செயலாளரை ஓரக்கண்ணால் பார்த்தபடி. செயலாளர் அதைக் கவனிக்காதது போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

விதி ஆறு என்று ஒன்று இருந்தது. தலைவியும் செயலாளரும் மனது வைத்தால் எந்தப் பெண்ணையும் நின்ற இடத்திலேயே உறுப்பினராக்கலாம். ஆனால் ஆக்குவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. இரண்டு நாளாக வெளியாட்கள் வேண்டாம் வேண்டாம் என்று விரட்டியதில், இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓர் ஆளும் இல்லை. செயலாளருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் விசில் சத்தம் கேட்டது.

தையல்கார அக்கா ஓடத் தயாரானார். தலைவி, "யாரும் அசையக் கூடாது" என்று ஒரு குரல் கொடுத்தார். ஆறு பேரும் பிரேயரில் நிற்கிற பிள்ளைகளாக விறைத்து நின்றார்கள். ஒரு ஸ்கூட்டர் திரும்பி நேராக அவர்களை நோக்கி வந்தது. காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், தலையில் ஹெல்மெட்.

செயலாளர் ஓர் அடி முன்னால் வந்தார். தீர்மானப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். கடை மூடியிருப்பது தெரியும், இது வரிசை இல்லை கூட்டம்தான், ஏற்பாடு என்னுடையது, இவர்களை விட்டுவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பொய் சொல்லத் தெரியாதவருக்கு உண்மை சொல்ல நேரமாகவில்லை.

போலீஸ்காரம்மா ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். வண்டியை ஸ்டாண்டில் போடுவதற்காகத் திரும்பினார். ஹெல்மெட்டின் பின்பக்கம் பச்சைக்கிளி ஒன்று செயலாளரைப் பார்த்தது.

பிறகு நடந்து வந்து, காலியாக இருந்த ஏழாவது வட்டத்தின் நடுவில் கச்சிதமாக நின்றுகொண்டு, கையைத் தூக்கினார்.

"ரெண்டு நாளா கை வலிக்க வலிக்கத் தூக்கறேன், கணக்குலயே எடுக்க மாட்டேங்கறீங்க. முதல்ல என்னை மெம்பராச் சேருங்கக்கா, அப்புறம் அந்தத் தனியா இருக்கறவங்க பட்டியல்ல முதல் பேரா என் பேரை எழுதுங்க."