தெப்பக்குளத்தில் கடல்நீர்ப் பரிசோதனை

கடலே இல்லாத ஊரில் கடல்நீரைக் கண்காணித்த பெருமை, உலகத்திலேயே மதுரை ஒன்றுக்குத்தான் உண்டு. அந்தப் பெருமையைத் தனியாளாகச் சுமந்தவர் நீர்த்தர ஆய்வாளர் ஜனகராஜ்.

2003-இல் சென்னைத் தலைமை அலுவலகம், பயணிகள் படகில் பொருத்தும் தானியங்கிக் கருவிகளை மாவட்டத்துக்கு ஒன்றாக அனுப்பிவைத்தது. கருவி தானே கடல்நீரை உறிஞ்சும், சோதிக்கும், முடிவைச் சென்னைக்குச் சொல்லும். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பதால் இந்த 'நவீன ஏற்பாடு'.

"சார், இங்க கடல் இல்லையே!" என்று ஜனகராஜ் போனில் பதறினார்.

"படகு இருக்கா?"

"தெப்பக்குளத்துல ஒண்ணு கிடக்கு. குளத்துலயும் தண்ணி இல்ல."

"படகு இருக்குல்ல? மாட்டுங்க. கடலை அப்புறம் பாத்துக்கலாம்."

மாட்டினார். வறண்ட குளத்தில், மேயும் ஆடுகளுக்கு நடுவே, கருவி மணிக்கொரு தரம் காற்றை உறிஞ்சி 'நீர் இல்லை' என்று கடமையாற்றியது. பத்தாம் நாள் ஓலை வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் பதவி உயர்வு கிடையாது.

நாற்காலியை விட்டு எழாமலே நாற்பது தெருக் குழாய்களுக்கு 'குடிக்க உகந்தது' என்று கையெழுத்துப் போட்ட திறமைசாலி ஜனகராஜ். கேவலம், ஒரு மிஷினிடம் தோற்பதா? 'உனக்கு நல்லா வேணும்டா ஜனகா' என்று தன்னையே திட்டிக்கொண்டு, இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கினார். ஆபீஸ் கூட்டும் அன்னக்கொடியை ஒரு குடம் தண்ணீரைப் படகுக்குக் கொண்டுவரச் சொல்லி, கருவியின் குழாயைக் குடத்துக்குள் விட்டார். கலக்கினால் கடல் தயார்.

உப்புப் பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதற்குள் கருவி குடத்து நீர் முழுவதையும் உறிஞ்சிவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. 'தரமான கடல்நீர். பயணம் தொடரலாம்.'

உடனே செல்போன் அலறியது. "பிரமாதம் ஜனகராஜ்! மாநிலத்துலயே உங்க கடல்தான் முதலிடம். அது எந்த இடம்னு எழுதி அனுப்புங்க, புரமோஷன் ஆர்டர் ரெடி!"

ஜனகராஜ் பொட்டலத்தைப் பார்த்தார். ஒரு கல் உப்புகூடக் குறையவில்லை.

"அன்னக்கொடி, எங்க பிடிச்ச இந்தத் தண்ணிய?"

"எங்க தெருக் கொழாயில சார். இம்புட்டு உப்பா இருக்கு, பிள்ளைகளுக்கு வயித்தால போகுதுன்னு மூணு மனு குடுத்தோம். குடிக்கலாம்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

வெட்கம் ஜனகராஜைப் பிடுங்கித் தின்றது. எடுத்த பேனா எழுத மறுத்தது.

அன்னக்கொடி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எங்க தெருப் பேரையே எழுதுங்க சார். நல்ல தண்ணிதான் வரல. கடலுன்னு ஆனப்புறம் இந்தப் படகையாவது அங்க விடுங்க."