நானூற்றுப் பன்னிருவருக்கு ஓர் ஓலை

வாழ்க, சர்வர் அறையின் தனிப்பெருங் காவலன்! கம்பிகள் கொடியெனப் பின்னிப் படர்ந்த கானகத்தில், குளிர்சாதனம் ஓயாது உறுமும் குகையில், சக்கரம் ஒன்று கழன்ற நாற்காலியையே சிங்காதனமாகக் கொண்டு, மூன்று மாடிகளையும் நானூற்றுப் பன்னிரண்டு மின்னஞ்சல் முகவரிகளையும் ஒற்றைச் சுட்டுவிரலால் ஆண்டவன். பாஸ்வேர்டு மறந்தோர்க்குக் கற்பகத்தரு, பிரிண்டர் மக்கர் செய்யுமிடத்துப் பேரிடி. அலுவலகமே ‘சர்வர் அண்ணன்’ என்றழைக்கும் அந்த ஆடவர் திலகத்தின் புகழைச் சொல்லப் புகுந்தோம். சொல்லுக்குரிய தெய்வமே, எம் நாவில் வந்து அமர்க. சந்தேகம் ஏதும் வந்தால் அவனையே கேட்டுக்கொள்க.

போர் மூண்ட காரணம் இது. அவ்வலுவலகத்தில் எச்செய்தியும் போன் குரூப் ஒன்றில்தான் போடப்பட்டு வந்தது. ஸ்டோர் பிரிவுக்காரர் செங்கோல் ஓச்சிய அக்குழுவில் விடிந்ததும் ‘காலை வணக்கம்’ சொல்லும் ரோஜாப்பூக்கள் படைபடையாய் வந்திறங்கும். அவற்றின் அடியில் சிக்கிய அலுவலகச் செய்திகள் மூச்சுத் திணறி மாளும். பொறுக்குமோ வீரன் நெஞ்சு? “அஞ்சல் பட்டியல் ஒன்றை நிறுவுவேன்! ஒரே முகவரிக்கு எழுதினால் அனைவருக்கும் போய்ச் சேரும்! பூவும் இல்லை, பொன்மொழியும் இல்லை!” என்று மூன்று மாதம் கூட்டந்தோறும் முழங்கினான். ஆதரித்துக் கை தூக்கியது ஒரே ஒருத்தி. அவள் பணியாளர் பிரிவில் வேலை செய்யும் அவன் மனைவி. அவளும் முழங்கை வரைக்கும்தான் தூக்கினாள்.

ஒரு நாள், அலுவலகம் தொடங்குமுன் கூடிய கூட்டத்தில், மேலாளர் அம்மையார் எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்புரைத்தார்: “நாளைக்கு லிப்ட் ஓடாது. அந்தச் செய்தி இன்னைக்கு நாலு மணிக்குள்ள உங்க பட்டியல் வழியா எல்லாருக்கும் வரணும். வரலேன்னா இந்தப் பேச்சையே இதோட விட்டுடணும்.”

“நாலு எதுக்கு மேடம், மூணுக்கே வரும்!” என்று சூளுரைத்தான் நம் தலைவன்.

காலை ஒன்பதுக்குக் களம் புகுந்தான். ஆயிரத்து இருநூறு வரி நீண்ட அமைப்புக் கோப்பு அகழியெனக் குறுக்கே கிடந்தது. பாதியைப் படித்தும் பாதியைத் தாண்டியும் அக்கரை ஏறினான். ‘நீ யாரோ, எவரோ’ என்று அவன் மடல்களை அயலார் சர்வர்கள் ஸ்பேம் சிறையில் தள்ளின. ‘இவை எம்முடையவையே’ என்று சான்று சொல்லும் பதிவை நாட்டிச் சிறை மீட்டான். பின்னர் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வெள்ளோட்டம் விட்டான். அங்கேதான் வந்தது வினை. பன்னிருவருள் ஒருவரான வரவேற்பு மேசை அக்கா அன்று லீவு. ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்று அவர் பெட்டி தானாகவே பதில் எழுத, அதைச் சர்வர் பன்னிரண்டு பேருக்கும் அனுப்ப, அக்காவுக்கும் அது போய்ச் சேர, அவர் பெட்டி மறுபடியும் விடுப்பை அறிவிக்க, இப்படியே கண் மூடித் திறப்பதற்குள் அறுநூற்றுப் பதினெட்டு விடுப்புகள் அவன் தலைமேல் பொழிந்தன.

சினந்தான் சிங்கம். மதகை அடைத்தான். “இனி மடல்களைப் பார்த்து வடிகட்டும் மட்டுறுத்துநர் ஒப்புதல் இன்றி ஓர் ஓலையும் இப்பட்டியலுள் நுழையாது!” என்று ஆணையிட்டுச் சர்வரைப் பூட்டினான். அத்தோடு, தன் கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டி, சர்வரிலிருந்து வந்த மடல், இனி வரப்போகும் மடல் அனைத்தும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற போல்டருக்குள் தானாகவே போய் விழும்படி செய்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்து நானூற்றுப் பன்னிருவரையும் பட்டியலில் சேர்த்து, மூன்று பத்துக்கு ‘நாளை லிப்ட் ஓடாது’ என்னும் திருமுகத்தை விடுத்தான். ஒரு மாடியிலும் ஒரு மணியும் ஒலிக்கவில்லை. சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தான். ‘மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது’ என்றது அது. எவன் அந்த மட்டுறுத்துநன்? ஸ்டோர்க்காரரின் சூழ்ச்சியோ? மட்டுறுத்துநருக்கென்றே இருந்த பொது முகவரிக்கு முதலில் பணிவாய் ஒரு விண்ணப்பம் விடுத்தான். பதில் இல்லை. ‘அவசரம்’ என்று இரண்டாவது. அதற்கும் இல்லை. மூன்றாவதில் அறம் பாடினான்: ‘பொறுப்பில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? தூங்குகிறீர்களா?’

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, எனக்கு இன்னும் வரலையே.”

“எவனோ ஒருத்தன் ஒப்புதல் தராம உக்காந்திருக்கான். மூணு மாசப் பாடு, எல்லாம் போச்சு.” அவன் குரல் உடைந்திருந்தது. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. திரையைப் பார்க்கக் குனிந்தாள்.

“அது என்ன, ‘அப்புறம் பார்க்கலாம்’ல அறுநூத்தி இருபத்திரெண்டு?”

“அது குப்பை. அக்காவோட லீவு.”

அவள் திறந்தாள். மேலே அவனுடைய மூன்று விண்ணப்பங்கள். அவற்றின் கீழே சர்வர் அனுப்பிய ஓலை: ‘ஒரு மடல் தங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.’ வேறு யாரையும் குறிப்பிடாவிட்டால் நிறுவியவரே மட்டுறுத்துநர் என்பது, அவன் தாண்டிக் குதித்த அறுநூறு வரிகளுள் ஒரு வரி.

“தூங்கினது நீங்கதான். திட்டு வாங்கினதும் நீங்கதான்,” என்றாள்.

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆயினும் வீரன் அல்லனோ? நாணத்தை உதறினான், சுட்டுவிரலை ஓங்கினான், ஒப்புதல் என்னும் பொத்தான்மேல் இடியென இறக்கினான். மூன்று ஐம்பத்தாறு! மூன்று மாடிகளிலும் நானூற்றுப் பன்னிரண்டு மணிகள் ஒருசேர முழங்கின. முரசம் அதிர்ந்ததெனச் சன்னல்கள் சிலிர்த்தன. மேசைதோறும் தலைகள் நிமிர்ந்தன. ரோஜாப்பூக் கோட்டையின் மதில்கள் கிடுகிடுத்தன. மனைவி இம்முறை இரண்டு கைகளையும் முழுதாகத் தூக்கினாள். அக்கணமே மேலாளர் அம்மையாரின் அழைப்பு வந்தது. எழுந்து நின்று எடுத்தான்.

“வந்துடுச்சு. ரொம்ப நல்லா இருக்கு. அப்படியே குரூப்லயும் ஒரு தடவை போட்டுடுங்க.”

அவன் போனை எடுத்து அதைக் குரூப்பிலும் போட்டான்.