பக்கத்து நாற்காலி

"குடுக்கக் கூடாதுன்னு இல்ல அண்ணி..." என்று முத்துராமன் ஆரம்பித்ததுமே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அனிதா மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த ஆரம்பம் அவளுக்கு அத்துப்படி. மேல்மாடிக்காரர் ஏணி கேட்டாலும், மச்சினன் கார் கேட்டாலும், எம்ஆர்டி ரயிலில் பிள்ளைத்தாய்ச்சி இடம் கேட்டாலும்கூட முத்துராமன் வாயில் முதலில் வருவது அதுதான். கடைசியில் ஏணியின் கால் ஆடும். காருக்கு சர்வீஸ் இருக்கும். அவருக்கு முதுகு பிடித்திருக்கும்.

இந்தத் தடவை அண்ணி கேட்டது ஏணி அல்ல. சிறுநீரகம்.

தோ பாயோவில் தன் வீட்டு ஹாலில் அண்ணன் சிதம்பரம் பிழிந்து போட்ட துணிபோல் சாய்ந்திருந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூடியிருந்த சொந்தபந்தம் மொத்தமும் முத்துராமனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"...ரத்த குரூப் சேரணுமே அண்ணி. அதான் யோசிக்கிறேன்."

"அவ்வளவுதானே. டெஸ்ட் எடுத்துப் பாத்துடுவோம்லா," என்றாள் அண்ணி.

யோசித்ததை வெளியே சொல்லியிருக்கக் கூடாது. டெஸ்ட் எடுத்தார்கள். குரூப் சேர்ந்தது. அதோடு விட்டார்களா? ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று மேற்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.

"எடுங்க, எல்லாத்தையும் எடுத்துக்குங்க. மிச்சம் மீதி இருந்தா எனக்குக் குடுங்க," என்று வீட்டில் புலம்பினார்.

கவலையில் அவருக்கு பூட்ஸ்கூட இறுக்கிப் பிடித்தது. ஜூரோங்கில் கப்பல் பட்டறை சூப்பர்வைசர் அவர். ஸ்டோருக்குப் போய்ப் பெரிய சைஸ் கேட்டார்.

"போன மாசம்தானே அண்ணே புதுசு குடுத்தேன்," என்றார் ஸ்டோர் கீப்பர் சேக் தாவூது. "பூட்ஸ் சுருங்கல. உங்க கால்தான் வீங்கியிருக்கு."

"குடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லு தாவூது. என் காலைக் குத்தம் சொல்லாத."

மறுநாள் ஆஸ்பத்திரியில், உறுப்பு தானம் செய்ய வருகிறவர்களிடம் தனியாகப் பேசும் அதிகாரி வித்யா, அவருடைய பரிசோதனை முடிவுகளைக் கணினியில் திறக்கப் போனாள். அதற்குள் முத்துராமனுக்குப் பொறுக்கவில்லை.

"குடுக்கக் கூடாதுன்னு இல்ல மேடம்..."

வித்யா மௌஸிலிருந்து கையை எடுத்தாள். "சார், இந்த சீட்ல உக்காந்து எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். இந்த வார்த்தையில ஆரம்பிச்சவங்க ஒருத்தர்கூடக் குடுத்ததில்ல."

முத்துராமன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "பயமா இருக்கு மேடம். இத எப்படி அண்ணன் மூஞ்சியப் பாத்துச் சொல்றது?"

"நீங்க சொல்லவே வேணாம். மனசில்லாதவங்ககிட்ட நாங்க எடுக்க மாட்டோம். 'மருத்துவக் காரணத்தால சரிப்படல'ன்னு மட்டும் அவங்களுக்குச் சொல்லுவோம். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். ஆனா, உங்க ரிசல்ட்ட ஒரு தடவை..."

"அது எதுக்கு மேடம் இனிமே," என்றார் முத்துராமன். அவள் மனம் மாறுவதற்குள் லிஃப்டில் இருந்தார்.

அன்று லிட்டில் இந்தியாவில் இறங்கி, நெய்ரோஸ்ட்டும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்.

அதுதான் அவர் உப்போடு சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு.

மருத்துவக் காரணம் என்றால் வேறு என்ன காரணம்? முத்துராமனுக்கே சிறுநீரகம் போய்விட்டது என்று குடும்பம் முடிவு கட்டியது. அண்ணி தோ பாயோ கோவிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்து, விபூதியோடு வந்து அழுதாள். "தனக்கே இல்லாததைக் குடுக்க வந்தாரே, இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்."

அனிதா உப்பை நிறுத்தினாள். கருவாட்டை நிறுத்தினாள். கோப்பியை அரைக் கோப்பை ஆக்கினாள். "உங்களுக்காக நான் என்ன வேணாலும் செய்வேங்க," என்று பச்சைத் தண்ணீர்போல் இருந்த ரசத்தை ஊற்றினாள்.

"ஆமாப்பா, நாங்க இருக்கோம்," என்றான் மகன் ஷங்கர். ஃபிரிட்ஜில் அப்பா ஒளித்து வைத்திருந்த பீரைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

செய்தி பட்டறைக்கும் போனது. மேனேஜர் அவரை ஏசி அறையில் உட்காரவைத்து ஓவர்டைமை வெட்டினார்.

நடுநடுவே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வேறு. முத்துராமன் எடுக்கவில்லை. 'நாடகத்தை எவ்வளவு கச்சிதமாக நடத்துகிறார்கள்' என்று உள்ளூர மெச்சிக்கொண்டு கட் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனே தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"டேய் முத்து, ஒரு நல்ல சேதி. டயாலிசிஸ்ல எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாயிடுச்சு. மிஸ்டர் லிம் புதன்கிழமை போயிட்டார், பாவம். அத வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு உனக்காக நர்ஸ்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"எனக்கு எதுக்குண்ணே இப்ப..."

"சும்மா இருடா. அங்கேருந்து டிவி நல்லாத் தெரியும். எனக்கே அந்த இடத்து மேல ஒரு கண்ணு. பரவால்ல, நீ வச்சுக்க."

முத்துராமனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எப்படியும் உப்பில்லை.

மறுநாள் காலை வித்யாவின் அறைக்கு ஓடினார். லேஸ் கட்ட முடியாத பூட்ஸ் தரையில் தேய்ந்தது.

"இதுக்கு மேல தாங்காது மேடம். எங்க வீட்ல உண்மையச் சொல்லிடுங்க. எனக்கு ஒரு கேடும் இல்ல, நான்தான் மாட்டேன்னு சொன்னேன், மருத்துவக் காரணம் எல்லாம் பொய்னு சொல்லிடுங்க. திட்டட்டும். உப்பு போட்டுத் திட்டட்டும்."

வித்யா அவர் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அது பொய் இல்ல சார். அன்னிக்கே ரிசல்ட்டக் காட்ட வந்தேன், ஓடிட்டீங்க. எத்தனை தடவை போன் பண்ணேன், நீங்க எடுக்கவே இல்ல. உங்களுக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டிருக்கு. இனிமே டயாலிசிஸ்தான். இல்லன்னா யாராவது ஒண்ணு குடுக்கணும்."

முத்துராமன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். டிவி நன்றாகத் தெரியும் அந்த இடம் ஒருமுறை கண்முன் வந்து போனது. அப்புறம் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

"குடுக்க ஆள் இருக்கு மேடம். அனிதா இருக்கா, பையன் இருக்கான். எனக்காக என்ன வேணாலும் செய்வாங்க."

"தெரியும் சார். யார் குடுக்கலாம்னு விசாரிக்க போன வாரம் அவங்களாவே வந்தாங்க."

"பாத்தீங்களா," என்றார் முத்துராமன். "என்ன சொன்னாங்க?"

வித்யா மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"ரெண்டு பேருமே, 'குடுக்கக் கூடாதுன்னு இல்ல'ன்னுதான் ஆரம்பிச்சாங்க சார்."