மாவு தூங்குகிறது

கிர்ர்ர்... கிர்ர்ர்... டக்.

கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் தூக்கம் போய்விடும். ஏற்கெனவே போய்விட்டது என்பது வேறு விஷயம். அதை நானாக ஒப்புக்கொள்ளக் கூடாது. மூடிய கண்ணோடு யோசித்தேன். வீட்டுக்குள் யாராவது சைக்கிள் ஓட்டுகிறார்களா? மாடியில் பல் டாக்டர் அம்மா யாருடைய கடைவாய்ப் பல்லையாவது கயிறு கட்டி, ராட்டினத்தில் போட்டு இழுக்கிறாரா?

கிர்ர்ர்... கிர்ர்ர்... டக்.

திறந்துவிட்டேன். மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மஞ்சளாக ஏதோ தொங்கியது. நாடா நாடாவாக. ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கதவு வரைக்கும் கயிறு, கயிறு முழுக்க நாடா. என் வேலைச் சட்டை தொங்கவேண்டிய ஹேங்கரில்கூட நாடா.

"ஏம்மா! என்னம்மா இது?"

"எழுந்துட்டீங்களா? அசையாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. பாஸ்தா காயுது" என்றாள் என் மனைவி.

"என் சட்டை எங்கே?"

"நாற்காலியில கெடக்கு. சட்டை மடங்கினா இஸ்திரி போட்டுக்கலாம். இது மடங்கினா ஒட்டிக்கும்."

"காயப்போட வேற இடமே இல்லையா?"

"வெயில் படக் கூடாது. காத்து லேசா வரணும். இருட்டா இருந்தா இன்னும் நல்லது. நீங்க தூங்கறதுக்குத்தான் எல்லாத்தையும் இழுத்துச் சாத்தி வச்சிருக்கீங்களே. வீட்டிலேயே நல்ல ரூம் இதான்."

நான் ராத்திரி வேலைக்காரன். மீன் வைக்கும் குளிர்கிடங்கில் காவல். மீன்களெல்லாம் ஐஸைப் போர்த்திக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கும். அவற்றின் தூக்கம் கெடாமல் விடியும்வரை நான் முழித்திருக்க வேண்டும். விடிந்ததும் வீட்டுக்கு வந்து படுப்பேன். ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் படுப்பவனுக்கு ஒரு துக்கம் உண்டு. அவன் தூங்குவதை யாரும் தூக்கம் என்று மதிப்பதில்லை. 'சும்மாதானே படுத்திருக்கார்' என்பார்கள். என்னைத் தாண்டி நடப்பார்கள், என்மேல் துணி மடிப்பார்கள். இப்போது பாஸ்தாவும் காயப்போடுகிறார்கள்.

இந்த வினை மாடியிலிருந்து இறங்கியது. பல் டாக்டர் அம்மாவுக்கு யாரோ ஒரு பாஸ்தா மிஷினைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். மேசை விளிம்பில் திருகி மாட்டி, ஒரு பக்கம் மாவைச் செருகி, கைப்பிடியைச் சுற்றினால் மறு பக்கம் தகடாக வரும். அதையே இன்னொரு தடவை விட்டால் நாடாவாக வரும். அந்த அம்மாவுக்குச் சுற்ற நேரமில்லை. "பல் பிடுங்கினவங்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாதும்மா. கடிக்கவே வேண்டாம், வழுக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லி மிஷினை என் மனைவி கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. மாடியில் யாராவது 'ஆ' என்றால் கீழே ஒரு உருண்டை மாவு தயாராகும். இரண்டு 'ஆ' கேட்டால் இரண்டு உருண்டை. சிலருக்கு முன்பல்லும் சேர்ந்து போகும். அன்றைக்கு நான் தூங்கினாற்போலத்தான்.

"ஏம்மா, நான் தூங்க வேண்டாமா?"

"தூங்குங்க. அது உங்களை என்ன பண்ணுது? கடிக்குதா?"

"அந்த மிஷின் கத்துதே!"

"நீங்க விடற குறட்டைக்கு அது பரவாயில்லைன்னு மேல உட்கார்ந்திருக்கிற நோயாளிங்களே சொல்றாங்க."

அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணமானதிலிருந்து நானாக எடுத்த முதல் முடிவு. மிஷினின் கைப்பிடியைக் கழற்றினேன். பழைய பேப்பரில் சுற்றினேன். ரப்பர் பேண்டு போட்டேன். என் சாப்பாட்டுப் பைக்குள் அடியில் செருகிவிட்டு, விசில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனேன். வேலைக்குப் போனதும் பொட்டலத்தை என் அலமாரியில் வைத்து இரண்டு பூட்டுப் போட்டேன். கிடங்கில் அத்தனை மீனுக்கும் சேர்த்து ஒரே பூட்டுதான்.

காலையில் வீடு அமைதியாக இருந்தது. மிஷின் கையில்லாமல் மேசையில் உட்கார்ந்திருந்தது.

"கைப்பிடியைக் காணோங்க" என்றாள்.

கத்தவில்லை. அலமாரிகளை உருட்டவில்லை. என்னைச் சந்தேகமாகப் பார்க்கவும் இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

"போனா போகட்டும் விடு! மிஷின் வர்றதுக்கு முன்னாடி மனுஷன் சாப்பிடலையா? கையால பண்றதுல இருக்கிற உயிர் மிஷின்ல வருமா? விரல் பட்டாத்தான் மாவுக்கு ஒரு இது..."

"எது?"

"ஒரு ஜீவன்!"

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க. அப்ப கையாலயே பண்ணிடலாம். சட்டையைக் கழட்டுங்க."

"நானா?"

"என் மணிக்கட்டு வலிக்குது. அழுத்தித் தேய்க்கக் கூடாதுன்னு டாக்டர் அம்மா சொல்லியிருக்காங்க."

"பல் டாக்டருக்கு மணிக்கட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"பிடுங்கிப் பிடுங்கி அவங்களுக்கும் அங்கதான் வலி. அவங்களுக்குத் தெரியாம உங்களுக்கா தெரியும்?"

உயிர், ஜீவன் என்றெல்லாம் வாய் நீளமாகப் பேசியாகிவிட்டது. பின்வாங்க முடியவில்லை. மேசையில் மாவைக் குவித்தேன். நடுவில் குழி பண்ணி, முட்டைகளை உடைத்து ஊற்றி, முள்கரண்டியால் கலக்கச் சொன்னாள். கலக்கினேன். ஒரு பக்கத்துக் கரை உடைந்தது. முட்டை வெள்ளமாகப் புறப்பட்டு, மேசை விளிம்பைத் தாண்டி, என் செருப்புக்குள் இறங்கித் தங்கியது.

"அணை கட்டத் தெரியலையே உங்களுக்கு" என்றாள். வேறு முட்டை எடுத்துக் கொடுத்தாள்.

பிசைந்தேன். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளணும், மடிக்கணும், திருப்பணும், மறுபடி தள்ளணும். தோள்பட்டை கழன்று விழப்போகிற நேரத்தில் மாவை அவளே வாங்கி உருட்டினாள். கிண்ணத்தில் வைத்து, ஈரத்துணியைப் பிழிந்து போர்த்தினாள். ஓரங்களைச் செருகிவிட்டாள். எனக்கு இப்படிப் போர்த்திவிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே நாற்காலியை இழுத்தேன்.

"ஷ்ஷ்!"

"என்னம்மா?"

"மெதுவா! மாவு தூங்குது."

"என்னது?"

"பிசைஞ்ச மாவு அரை மணி நேரம் தூங்கணும். இல்லைன்னா தேய்க்க விடாது, முறைக்கும்."

"மாவுக்குத் தூக்கம் வேணும்! எனக்கு வேண்டாமா?"

"உங்களைத் தேய்க்கப் போறாங்களா?"

விளக்கை அணைத்தாள். விரல்நுனியில் நடந்து போய் அடுக்களைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். ராத்திரி மீன் தூங்குகிறது, நான் முழித்திருக்கிறேன். பகலில் மாவு தூங்குகிறது, நான் முழித்திருக்கிறேன். என் தூக்கத்தையெல்லாம் பங்கு போட்டு உயிரில்லாத ஜந்துக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எழுந்த மாவு புதுத்தெம்போடு இருந்தது. நான் இல்லை. பூரிக்கட்டையால் இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சுருங்கும், சின்னப் போர்வை மாதிரி. தலையை மூடினால் கால் வெளியே வரும். கடைசியில் ஒருவழியாகப் பரந்தது. அவள் தகட்டுக்கு அடியில் பேப்பரைச் செருகிப் பார்த்தாள்.

"தலைப்பு தெரியுது. சின்ன எழுத்துத் தெரியலை. இன்னும் தேய்ங்க."

தேய்த்தேன்.

"இப்பத் தெரியுதா?"

"செய்தி தெரியுது. அடியில வரன் தேடற விளம்பரம் இன்னும் மங்கலா இருக்கு."

"அது எதுக்கு நமக்கு?"

"தேய்ங்கன்னா தேய்ங்க."

விளம்பரத்தில் மாப்பிள்ளையின் உயரம், படிப்பு, குணம் எல்லாம் தெரிகிறவரை தேய்த்தேன். பாவம், அவனுக்குத் தெரியாது பின்னால் என்ன காத்திருக்கிறது என்று. தகடு மேசையைத் தாண்டிவிட்டது. விரிக்க இடமில்லை. வீட்டில் அத்தனை அகலமான சமதளம் ஒன்றுதான்: என் கட்டில். வெள்ளை விரிப்பைப் போட்டு, ரவையைத் தூவி, பாஸ்தாவைப் படுக்கவைத்தோம். தலையணையை மட்டும் எனக்குக் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க இதே கதை. குளியலறைக் கதவில் சாய்ந்து தூங்கிப் பார்த்தேன். அவள் குளிக்க வந்தாள். நின்றுகொண்டே தூங்கிப் பார்த்தேன். பூரிக்கட்டையைப் பிடித்த கை மட்டும் தானாக ஓடியது. கடைசியில் ஒரு நாள் கிடங்கிலேயே, வஞ்சிர மீன் பெட்டிமேல் தலைசாய்த்துவிட்டேன். தட்டி எழுப்பியவர் மேலாளர்.

"என்னய்யா, சரக்கோட சரக்காப் படுத்துட்டே? பெட்டியில வச்சு ஏத்திவிட்டிருப்பாங்க. இன்னொரு தடவை பார்த்தேன், வேலையை விட்டே ஏத்திவிட்டுடுவேன்."

வேலை போனால்? ராத்திரியும் வீட்டில் இருக்க வேண்டியதுதான். மாவு இரண்டு மடங்காகும். மானம் போனாலும் பரவாயில்லை, தூக்கம் வேண்டும். இரண்டு பூட்டையும் திறந்து பொட்டலத்தை எடுத்தேன்.

வீட்டில் மாடிப் பல் டாக்டர் அம்மாவும் இருந்தார். நல்லதாகப் போயிற்று, சாட்சி முன்னால் ஒப்படைத்துவிடலாம்.

"ஏம்மா, இங்க பாரு அதிர்ஷ்டத்தை! பஸ் ஸ்டாப்புல ஏதோ காலை இடறிச்சு. குனிஞ்சு பார்த்தா நம்ம மிஷின் கைப்பிடி!"

"அடடே! பிரிங்க, பார்க்கலாம்."

ரப்பர் பேண்டை எடுத்தேன். பேப்பரைப் பிரித்தேன். உள்ளே ஒரு குடைப்பிடி இருந்தது. எங்கள் வீட்டு உடைந்த குடையின் பிடி.

டாக்டர் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பஸ் ஸ்டாப்புல மழையா?" என்று கேட்டார்.

"இது... இது எப்படி..."

"சாப்பாட்டுப் பையை யாருங்க கட்டறது?" என்றாள் என் மனைவி.

அத்தனை வருஷமாக அவள்தான் கட்டுகிறாள். ஒரு திருடனுக்கு இவ்வளவுகூடத் தோன்ற வேண்டாமா? நான் குளித்து முடிப்பதற்குள் கைப்பிடி மிஷினுக்குத் திரும்பிவிட்டது. வாரம் முழுக்க நான் உடைந்த குடைக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

"அப்ப மிஷின்..."

"நீங்க வேலைக்குப் போனதும் சுத்துவேன். விடியறதுக்குள்ள காஞ்சிடும். மாடியில டாக்டர் அம்மா ஃபிரிட்ஜில வச்சுட்டு, கைப்பிடியைக் கழட்டி ஒளிச்சுடுவேன். பகல்ல சத்தம் போட்டா உங்க தூக்கம் கெடுமில்லையா?"

"எனக்கு எங்கம்மா தூக்கம்! மிஷின்தான் ஓடுதே, அப்புறம் என்னை எதுக்குத் தேய்க்க விட்டே?"

பதில் டாக்டர் அம்மாவிடமிருந்து வந்தது. "தம்பி, மிஷின் பாஸ்தா வழவழன்னு இருக்கும். பல் இல்லாதவங்களுக்கு அதுதான் சரி. நீங்க தேய்ச்சதுல சொரசொரன்னு ஒரு பிடிப்பு இருக்கு, சாஸ் நல்லா ஒட்டுது. ஒரு நோயாளியோட புருஷன் ருசி பார்த்தார், விடமாட்டேங்கிறார். இப்ப பல் இருக்கிறவங்களும் வரிசையில நிக்கறாங்க. ஊர்ல பல் இருக்கிறவங்கதானே ஜாஸ்தி?"

"விரல் பட்டாத்தான் ஜீவன்னு நீங்களே சொன்னீங்களே" என்றாள் மனைவி. "அதான் பிரிச்சுக்கிட்டோம். ராத்திரி ஷிஃப்ட் மிஷின். பகல் ஷிஃப்ட் நீங்க."

"நான் எப்பதாம்மா தூங்கறது?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே இரக்கப்பட்டு யோசித்தாள். அது முகத்தில் தெரிந்தது.

"சீக்கிரமாப் பிசைஞ்சு முடிங்க. அது தூங்கறப்ப நீங்களும் அரை மணி நேரம் கூடவே படுத்துக்கலாம். ஆனா குறட்டை விடக் கூடாது, அது எழுந்துடும்."

டாக்டர் அம்மா மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலே யாரோ 'ஆ' என்றார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து மாவைக் குவித்தேன். இந்தத் தடவை கரையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினேன்.